செருப்புக்குத் தக்க கால்

அக்டோபர். பள்ளிச் சப்பாத்துகளின் பருவம்.
ஜனவரியில் நடக்கப்போகும் பிள்ளைகளுக்காக
பீட்டர்மாரிட்ஸ்பர்க், வில்லோட்டன் சாலைக் கொட்டகையில்
இருபத்து மூன்று பேரும் நானும்
பசை வாசனையில் நிற்கிறோம்.
கடிதத்திலும் அந்த வாசனை ஏறிவிட்டது.

"மதிப்புக்குரிய திருமதி யோகவதி படையாச்சி"
என்று தொடங்கி
"பதினொன்று புள்ளி எட்டு சதவீதம்"
என்று முடிந்தது.
நடுவில் எல்லாம் பஞ்சு.

சப்பாத்து செய்பவளுக்குப் பஞ்சு தெரியும்.
அடியில் ஆணி துருத்தினால்தான்
அதன்மேல் பஞ்சு வைப்போம்.

மெடிக்கல் எய்டு: பாதி நான், பாதி அவர்கள்.
ஆளுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு ராண்ட் ஏறுகிறது.
என் பாதியை மட்டும் கூட்டினேன்.
ஒரு ஜோடியில் எனக்கு நிற்பது ஒன்பது ராண்ட்.
அப்படியானால் மாதம் முந்நூற்றுப் பதினேழு ஜோடி
யாருடைய கால்களுக்கோ.

போன வருஷம்
கடைக்காரரிடம் ஜோடிக்கு நாலு ராண்ட் கேட்டேன்.
"கப்பல் வருகிறது, மேடம்" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
இவர்களைப் பயமுறுத்த
எந்தக் கப்பலும் இல்லை.

உம்ஷ்லாங்காவில் முதலாளிகளுக்கு விளக்கக் கூட்டம்.
கண்ணாடிச் சுவர், பின்னால் முழுக் கடல்.
முதலாளிகளாம்!
ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அச்சகம்,
டொங்காட்டிலிருந்து ஒரு ரொட்டிக்கடை,
கைப்பையில் சில்லறையோடு நான்.
"பயன்பாடு அதிகம்" என்றார் இளைஞர்.
"உங்கள் ஆட்கள் திட்டத்தை நிறையப் பயன்படுத்துகிறார்கள்."
குடை விற்றவர் கேட்கிறார்,
மழையில் ஏன் விரித்தாய் என்று.
கட்டுப்படியாகாதவர்களுக்கு
இன்னும் மெலிந்த ஒரு திட்டமும் உண்டாம்:
ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு மூன்று டாக்டர்.

பதில் எனக்குத் தோன்றியது
திரும்பும் வழியில், கேட்டோ ரிட்ஜ் ஏற்றத்தில்,
கரும்பு லாரிக்குப் பின்னால்:
செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பார்களா?
லாரி புகை விட்டது.

அன்றிரவே எழுதினேன்.
நாலு பக்கம். நல்ல கோபம்.
காலையில் நொமுசாவிடம் நீட்டினேன்.
சங்கத்துக்காரி. மேல்தோல் தைப்பவள்.
மதிய உணவுக்கு முன்
இயந்திரத்தை நிறுத்தாமலே இன்சுலின் போட்டுக்கொள்பவள்.

இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.
"தற்போதைய சூழலில் இதைத் தாங்க இயலாது.
தயவுசெய்து நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்."

"நல்ல வாக்கியம்" என்றாள்.
"மார்ச்சில் நாங்கள் ஏழு கேட்டபோது
அறிவிப்புப் பலகையில் இதைத்தான் ஒட்டினீர்கள்."

குரலை உயர்த்தவில்லை.
உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.
ஐந்து கொடுத்தேனே என்று.
கணக்குப் புத்தகத்தைக் காட்டியிருப்பேன்.
கணக்கு உண்மைதான்.
அவர்களிடமும் ஒரு புத்தகம் இருக்கும்,
அதிலும் கணக்கு உண்மையாகத்தான் இருக்கும்.

அவளே பேனாவை எடுத்தாள்.
அந்த வரியை அடித்தாள்.
அதோடு மூன்று பக்கம் போயிற்று.
"சதவீதம் அவர்களுக்குப் பழகிய பாஷை" என்றாள்.
"வூசியை எழுதலாம்."

வூசி, கட்டிங் பிரிவு.
புதுக் கட்டணத்துக்கு ஈடுகட்ட
ஒரு பிள்ளையைத் திட்டத்திலிருந்து நீக்கக்
கேட்டிருந்தான்.
அதற்குப் படிவம் இருக்கிறது.
எந்தப் பிள்ளை என்பதற்கு ஒரு கட்டம்.
ஒன்பது நாளாக என் மேசையில்
அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது.

படிவத்தையே கடிதத்தோடு வைத்தோம்.
கீழே எழுதினோம்:
இதை நீங்களே நிரப்பித் தாருங்கள்.
இருபத்து நாலு கையெழுத்து.
என்னுடையது பத்தாவதோ பதினொன்றாவதோ.

பதில் வந்துவிட்டது:
உங்கள் கடிதம் கிடைத்தது,
உங்கள் எண் இது, இந்த எண்ணைக் குறிப்பிடவும்.

வெளியே ஜக்கரண்டா கொட்டுகிறது.
ஒட்டிய அடிகள் ரேக்கில் காய்கின்றன.
ஜனவரி வரும்.
அதற்கப்புறம் மார்ச்சும் வரும்.
நொமுசா
இன்னும் என் பேனாவைத் திருப்பித் தரவில்லை.